குளிரறையில் ஒரு வண்டு

"கையெழுத்துப் போட மாட்டேன்," என்றாள் ஜெயப்ரியா. பேனாவை அவள் தொடவே இல்லை. மன்னிப்புக் கடிதத்தை மட்டும் ஒற்றை விரலால் மேசையின் நடுவுக்குத் தள்ளிவிட்டாள்.

ஓசூர் சிப்காட்டை ஒட்டி இருந்த நவதுளிர் விதை நிறுவனத்தின் கண்ணாடி அறை அது. மேசைக்கு அந்தப் பக்கம் நிறுவனத் தலைவி ருக்மணியும் ஆராய்ச்சிப் பிரிவு இயக்குநர் டாக்டர் பெருமாளும் உட்கார்ந்திருந்தார்கள். இந்தப் பக்கம் ஜெயப்ரியா. அவளுக்குத் துணையாகத் துப்பறியும் மாதேஸ்வரி. மாதேஸ்வரிக்குத் துணையாக சந்தோஷ். சந்தோஷுக்குத் துணையாக ஒரு தட்டு பிஸ்கட்.

"யோசிச்சுப் பேசு ஜெயப்ரியா," என்றார் பெருமாள். குரலில் கருணையைத் தாராளமாகக் கலந்திருந்தார். "கையெழுத்துப் போட்டா ராஜினாமாவோட முடிஞ்சிடும். இல்லன்னா சாயங்காலம் போலீஸ். திருடின விதை உன் ஸ்கூட்டர் சீட்டுக்கு அடியில கிடைச்சிருக்கு. இதுக்கு மேல என்ன வேணும்?"

"நான் திருடலன்னு நீங்க ஒத்துக்கணும். அதான் வேணும்."

சந்தோஷுக்கு அவளைப் பிடித்துப்போனது. முந்தின நாள் பாகலூர் ரோட்டில், பஞ்சர் கடைக்கு மேலே இருக்கும் அவர்களுடைய அலுவலகத்துக்கு வந்தபோதும் அவள் அழவில்லை. பயிர் உயிர்வேதியியல் படித்தவள். அஞ்செட்டி மலைப்பக்கம் நாட்றாம்பாளையத்திலிருந்து மூன்று வருஷத்துக்கு முன் அவளே தேடிப்பிடித்துக் கொண்டுவந்த அவரைதான் திருட்டுப்போன அந்த விதை. சாதாரண அவரை பனிக்காலத்தில்தான் மணக்கும். காயின் தோலில் ஊறும் ஒருவித எண்ணெய்தான் அந்த வாசம், ஓசூர் சந்தையில் கன்னடக்காரர்கள் கையால் தேய்த்து முகர்ந்து பார்த்து வாங்குகிற வாசம். எல்லாக் காலத்திலும் காய்க்கிற புது ரகங்கள் வந்தன. வாசம் போய்விட்டது. இந்த மலை அவரை மட்டும் கோடையிலும் காய்க்கும், மணக்கவும் மணக்கும். அதை மற்ற ரகங்களோடு ஒட்டுச் சேர்த்து வாசமுள்ள புது அவரை உண்டாக்குவதுதான் ஜெயப்ரியாவின் வேலை. நிறுவனம் அந்த விதைக்கு என்-17 என்று பெயர் வைத்துக் குளிரறையில் பூட்டியது. இப்போது அதைத் திருடினாள் என்று அவள் மேலேயே பழி.

"அந்தப் பொட்டலத்தைப் பார்க்கலாமா?" என்று கேட்டாள் மாதேஸ்வரி.

பதினைந்து வருஷம் இன்ஷூரன்ஸ் கம்பெனியில், தானே கொளுத்திக்கொண்ட குடோன்களையும் விதைக்காமலே கருகிப்போன பயிர்களையும் விசாரித்தவள் அவள். யாரையும் கூர்ந்து பார்க்க மாட்டாள். தூங்கி வழிகிற மாதிரி உட்கார்ந்திருப்பாள். அதைப் பார்த்து ஏமாந்தவர்கள் நிறைய பேர்.

பெருமாள் ஒரு பிளாஸ்டிக் பொட்டலத்தை எடுத்து மேசையில் வைத்தார். வாய்ப்புறம் டேப் ஒட்டி, அதன்மேல் இரண்டு கையெழுத்துகள். அவருடையதும் ருக்மணியுடையதும்.

"கண்டுபிடிச்ச அன்னிக்கே சீல் வெச்சுட்டோம். அப்புறம் யாரும் திறக்கல," என்றார்.

"நல்ல வேலை செஞ்சீங்க," என்று மாதேஸ்வரி மனதாரப் பாராட்டினாள். பொட்டலத்தைத் தூக்கி ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தாள். சந்தோஷ் எட்டிப் பார்த்தான். மூக்கு அரித்தது. பலமாகத் தும்மினான்.

"எக்ஸ்கியூஸ் மீ. பிஸ்கட் போயி தப்பான ரூட்ல ஏறிடுச்சு."

பெருமாள் முகத்தைச் சுளித்தார். மாதேஸ்வரி பொட்டலத்தின் ஒரு மூலையைக் கட்டைவிரலால் மறைத்துக்கொண்டாள். "உங்க குளிரறையில என்ன குளிர் இருக்கும் டாக்டர்?"

"மைனஸ் பதினெட்டு. கதவு திறந்து மூடினாலும் ஏறாது. இந்தியாவுல இப்படி ஒரு தனியார் குளிரறை விரல்விட்டு எண்ணலாம்."

"எப்பவுமேவா?"

"எப்பவுமே."

"இந்த விதை மூணு வருஷமா அதுக்குள்ளயேதான் இருந்தது?"

"திருடற வரைக்கும். முந்தாநாள் வரைக்கும்." பெருமாள் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். "வேற ஏதாவது?"

"இல்லீங்க, போதும். இதை மேடத்துகிட்டயே குடுத்துடறேன். சாயங்காலம் வரைக்கும் அவங்க மேசை டிராயர்ல இருக்கட்டும்." ருக்மணியின் கையில் பொட்டலத்தைக் கொடுத்துவிட்டு அவள் எழுந்தாள். கொடுக்கும்போது இன்னொரு தரம் அந்த மூலையைப் பார்த்துச் சின்னதாகச் சிரித்ததை சந்தோஷ் மட்டும்தான் கவனித்தான்.

வாசலில் வாட்ச்மேன் ஆஞ்சப்பன் கேட்டைத் திறந்துவிட்டான். ஸ்கூட்டரைச் சோதனை போட்டு விதையைக் கண்டுபிடித்தவன் இவன்தான். மாதேஸ்வரியின் கண்ணைப் பார்க்காமல் தரையைப் பார்த்துக்கொண்டே சல்யூட் வைத்தான்.

"அக்கா, ஆளு இவன்தான்," என்று வேனில் ஏறியதும் சொன்னான் சந்தோஷ். "மூஞ்சியே சொல்லுது. வெச்சவனுக்குத்தான் எடுக்கத் தெரியும்."

"நீ எதுக்குத் தும்மின?"

"பிஸ்கட்னு சொன்னேனே."

"பிஸ்கட்டுக்குத் தும்முனா போச்சம்பள்ளி கேன்டீன்லயே நீ செத்திருப்ப. உன் மூக்கை நம்பு. பொட்டலத்துப் பக்கத்துல வந்ததும் என்ன வாசனை?"

சந்தோஷ் கண்ணை மூடி யோசித்தான். ஆட்குறைப்பில் வேலை போகும்வரை போச்சம்பள்ளித் தொழிற்சாலையில் லைன் சூப்பர்வைசராக இருந்தவன். மிஷினின் சூட்டு வாடையை வைத்தே எந்த பேரிங் போகப்போகிறது என்று சொன்ன மூக்கு அது. "காரம்," என்றான் கடைசியில். "காஞ்ச மொளகா. டேப் ஒட்டின ஓரத்துல பொடி மாதிரி ஒட்டியிருந்துச்சு."

"ஆராய்ச்சிக் கூடத்துக் குளிரறையில எதுக்குக் காஞ்ச மொளகா?"

ஜெயப்ரியா பின்சீட்டிலிருந்து முன்னால் சாய்ந்தாள். "வீட்ல பருப்பு வகை எடுத்து வைக்கறப்பதான் மேல மொளகா போட்டு வைப்பாங்க. வண்டு வராம இருக்க."

"வந்துடுச்சே," என்றாள் மாதேஸ்வரி. "என் கட்டைவிரலுக்கு அடியில ஒரு வண்டு நடந்து போச்சு. உயிரோட. நல்லாக் கொழுகொழுன்னு."

முதலில் சிரித்தவள் ஜெயப்ரியாதான். அடக்க முடியாமல் சிரித்தாள். சிரிப்பு நின்றதும் முகம் இறுகியது. "மைனஸ் பதினெட்டுல முட்டை, புழு எதுவுமே பிழைக்காது. மூணு வருஷம் கிடந்த விதைல வண்டா?"

"வெளிய எடுத்தப்புறம் ஏறியிருக்கலாமில்ல?" என்றான் சந்தோஷ்.

"திருட்டு முந்தாநாள்னு அவரே சொன்னாரு. முட்டை பொரிஞ்சு, புழு அவரைக்குள்ள தின்னு வளர்ந்து, ஓட்டை போட்டுட்டு வண்டா வெளிய வரக் குறைஞ்சது ஒரு மாசம் ஆகும். உள்ளே புழுவா இருக்கறப்ப வெளியே தெரியாது. அதனாலதான் பொட்டலம் கட்டினவருக்கும் தெரியல." ஜெயப்ரியா நிறுத்தினாள். "ஆனா அது என்-17 விதைதான். அந்தக் கருஞ்சிவப்பும் மேல இருக்கற புள்ளியும் வேற எந்த அவரைக்கும் கிடையாது. அந்த விதை ரெண்டே எடத்துலதான் இருக்கு. குளிரறையிலயும், நஞ்சம்மாக்கா வீட்லயும்."

மாதேஸ்வரி வண்டியைத் தேன்கனிக்கோட்டைச் சாலையில் திருப்பினாள்.

தேன்கனிக்கோட்டை தாண்டியதும் கம்பெனி பஸ்கள் குறைந்தன. அஞ்செட்டி இறக்கத்தில் யானை கடக்கும் இடம் என்ற போர்டுகள் வரிசையாக வந்தன. அதற்கப்புறம் நாட்றாம்பாளையம் ஏற்றத்தில் வேன் மூச்சுவாங்கி, ஊருக்குச் சற்று முன்னால் மூக்கிலிருந்து ஆவி விட்டது.

நஞ்சம்மா வீடு காட்டோரம் இருந்தது. நாற்பது வயதிருக்கும். ஜெயப்ரியாவைப் பார்த்ததும் வாசலில் காயப்போட்டிருந்த ராகியை அப்படியே விட்டுவிட்டு இடுப்பில் கை வைத்து நின்றுகொண்டாள்.

"வா-ன்னு கூப்பிட மாட்டேன் மேடம். எந்த மூஞ்சிய வெச்சுக்கினு வந்த?"

"அக்கா, நான் என்ன பண்ணேன்?"

"ஆள அனுப்பிட்டுக் கேக்கறதப் பாரு. ஜெயப்ரியா மேடம் சொன்னாங்கோ, வீட்ல இருக்கற வெதைய எல்லாம் குடுத்துடு, இந்த அவரை கம்பெனிக்குச் சொந்தமாயிடுச்சு, இனிமே நீ காட்ல போட்டா கேஸு வரும்னு போன மாசம் சொல்லிட்டுப் போனானே ஒருத்தன். எங்க காட்டு அவரைய எங்களையே போடக்கூடாதுன்னு சொல்லச் சொன்னியா நீ?"

ஜெயப்ரியாவின் முகம் வெளுத்தது. பழி வந்த அன்று வராத கண்ணீர் இப்போது வந்தது. துடைத்துக்கொண்டாள். "நான் யாரையும் அனுப்பலக்கா. சத்தியமா. அதே விதைய நான் திருடினேன்னு என்னையே வெளிய தள்றாங்க."

நஞ்சம்மா அவளை மேலும் கீழும் பார்த்தாள். கோபம் போகவில்லை. ஆனால் அது திரும்ப வேறு இடம் தேடிக்கொண்டிருந்தது.

"சட்டத்துல அப்படி எதுவும் கிடையாதுங்க," என்றாள் மாதேஸ்வரி. "எந்தக் கம்பெனி எதைப் பதிவு பண்ணாலும், விவசாயி தன் விதையை எடுத்து வெச்சு விதைக்கலாம், மத்தவங்களுக்குக் குடுக்கலாம். தடுக்க யாருக்கும் உரிமை இல்ல."

"சட்டம் சொன்னாத்தான் போடுவேனா நானு? அவன் வண்டி அந்தாண்ட போச்சு, நான் இந்தாண்ட போயி நட்டுட்டு வந்தேன். பாரு." நஞ்சம்மா கையை நீட்டினாள். வீட்டுக்குப் பின்னால் வேலி நெடுக அவரைக்கொடி ஏறியிருந்தது. வைகாசி வெயிலில் இளங்கொடி தளதளவென்று நின்றது. அதற்கப்பால் போன வருஷத்துப் பழைய கொடியில் பிஞ்சு தொங்கியது. ஜெயப்ரியா ஒரு பிஞ்சைத் தேய்த்து முகர்ந்தாள். பிறகு சந்தோஷிடம் நீட்டினாள். எண்ணெயும் பனியும் கலந்த மாதிரி ஒரு வாசம். அந்த வெயிலில் அது எங்கிருந்து வருகிறது என்று அவனுக்குப் புரியவில்லை.

"சந்தோஷ், ரேடியேட்டருக்குத் தண்ணி ஊத்து," என்றாள் மாதேஸ்வரி.

"முக்கியமான எடத்துல என்னைக் கழட்டி விடறீங்க."

"வண்டி நகராட்டி இதைவிட முக்கியமான எடத்துல நாம இருக்க மாட்டோம்."

அவன் குடத்தைத் தூக்கிக்கொண்டு போனான். திரும்பிப் பார்த்தபோது மாதேஸ்வரியும் நஞ்சம்மாவும் தலையோடு தலை சேர்த்துப் பேசிக்கொண்டிருந்தார்கள். மாதேஸ்வரி ஏதோ கேட்டாள். நஞ்சம்மா வாயைப் பொத்திக்கொண்டு சொன்னாள். இரண்டு பேரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள்.

அவன் வேனைக் கிளப்பியபோது நஞ்சம்மா புடவையை மாற்றிக்கொண்டு முன்சீட்டில் உட்கார்ந்திருந்தாள்.

"அக்கா, என்ன சிரிப்பு அங்க?"

"அது நஞ்சம்மா சொல்ல வேண்டிய விஷயம். சொல்ல வேண்டிய எடத்துல சொல்லுவாங்க," என்றாள் மாதேஸ்வரி.

"சரி. வந்த ஆள் வாட்ச்மேன் ஆஞ்சப்பன்தானே? அதையாவது சொல்லுங்க."

"பேர் கேக்கலப்பா நானு. தொப்பி போட்டு மூஞ்சிய மூடிக்கினு வந்தான். களிக்கு அவரைக்கா சாறு ஊத்துனதும் மூடினத எல்லாம் கழட்டிட்டு ரெண்டு வாட்டி வாங்கிச் சாப்ட்டான். மூஞ்சி மறக்குமா?"

"அப்போ கேஸ் முடிஞ்சுது. கூட்டிட்டுப் போயி ஆளைக் காட்டச் சொன்னாப் போதும்."

மாதேஸ்வரி தலையசைத்தாள். "போதாது. இவங்களை நாம சொல்லிக்குடுத்துக் கூட்டிட்டு வந்தோம்னு ஒரே வார்த்தையில தள்ளிடுவாங்க. அதுக்கு முன்னாடி ஒரு கேள்விக்குப் பதில் வேணும். ஜெயப்ரியா மேல பழி போடணும்னா குளிரறையில இருக்கற விதையிலயே ஒரு கை அள்ளி ஸ்கூட்டர்ல போட்டா முடிஞ்சுது. எதுக்கு இவ்வளவு தூரம் மலை ஏறி வந்து அதே விதையைப் பொய் சொல்லி வாங்கணும்?"

சந்தோஷ் யோசித்தான். ஜெயப்ரியாவும் யோசித்தாள். அஞ்செட்டி வருவதற்குள் அவள் நிமிர்ந்து உட்கார்ந்தாள். "போன மாசம் என்-17 முளைப்புத்திறன் சோதிக்கணும்னு விதை கேட்டேன். பெருமாள் சார் குடுக்கல. அப்புறம், அப்புறம்னு தள்ளிக்கிட்டே வந்தாரு. நான் ருக்மணி மேடத்துகிட்டயே கேக்கப் போறேன்னு சொன்னேன். அடுத்த வாரம் விதை காணாமப் போச்சு."

"உள்ளே இருக்கறது முளைக்காதுன்னா?" என்றாள் மாதேஸ்வரி மெதுவாக.

சந்தோஷ் ஆக்ஸிலரேட்டரை மிதித்தான்.

சாயங்கால வெயில் கண்ணாடி அறையில் நீளமாக விழுந்திருந்தது. மன்னிப்புக் கடிதம் அதே இடத்தில் இருந்தது. மாதேஸ்வரி ருக்மணியிடம் பொட்டலத்தை எடுக்கச் சொன்னாள். நஞ்சம்மாவை வாசலிலேயே, ஆஞ்சப்பனுக்குப் பக்கத்தில் நிற்க வைத்திருந்தாள். சந்தோஷ் இருவரையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தான். நஞ்சம்மா ஆஞ்சப்பனைப் பார்த்துவிட்டு எதுவும் சொல்லாமல் வேறுபக்கம் திரும்பிக்கொண்டது அவனுக்கு ஏமாற்றமாக இருந்தது.

"மேடம், வெளிச்சத்துல பிடிச்சுப் பாருங்க," என்றாள் மாதேஸ்வரி. "சீல் உங்களுது. கையெழுத்து உங்களுது. உள்ளே என்ன நடக்குது?"

ருக்மணி மூக்குக்கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டாள். "வண்டு," என்றாள். "இன்னொண்ணு. இன்னொண்ணும் இருக்கு."

"மூணு வருஷம் உறைஞ்சு கிடந்த விதைல உயிரோட வண்டு. டாக்டர், நீங்களே சொல்லுங்க. இந்தப் பொட்டலம் உங்க குளிரறையில இருந்ததுன்னா, அந்தக் குளிரறை ஒரு நாள்கூடக் குளிரல. குளிரறை நல்லாத்தான் இருக்குன்னா, இந்தப் பொட்டலம் அதுக்குள்ள இருந்ததே இல்ல. இல்லாததை இந்தப் பொண்ணு எப்படித் திருடும்? ரெண்டுல உங்களுக்கு எது சௌகரியம்?"

பெருமாள் தொண்டையைச் செருமினார். படித்த மனிதர். எந்தப் பக்கம் குழி ஆழம் குறைவு என்று சட்டென்று கணக்குப் போட்டார். "குளிரறையில எந்தக் குறையும் இல்ல. வாங்க, காட்டறேன். ஒருவேளை இந்தப் பொண்ணு உண்மையான விதையை வித்துட்டு, வேற எங்கயோ வாங்கின அவரையை ஸ்கூட்டர்ல வெச்சிருக்கலாம்."

அட, மனுஷன் தப்பிக்கிறானே என்று நினைத்தான் சந்தோஷ்.

ஆஞ்சப்பன் பெரிய சாவியைப் போட்டுக் குளிரறையைத் திறந்தான். எல்லோருக்கும் பின்னால் நஞ்சம்மாவும் வந்து அவன் பக்கத்தில் நின்றாள். வெண்புகை தரையோடு உருண்டு வந்தது. கதவுக்கு மேலே சிவப்பு எழுத்தில் மைனஸ் பதினெட்டு. பெருமாள் அதைச் சுட்டிக்காட்டிவிட்டு மார்பின் குறுக்கே கைகளைக் கட்டிக்கொண்டார். "திருப்தியா?"

அலமாரி அலமாரியாகக் கண்ணாடி ஜாடிகள் இருந்தன. ராகி, சாமை, கொள்ளு, துவரை, அவரை. ஒவ்வொன்றின் மேலும் ஒரு எண். ஊர்ப்பெயர் எதிலும் இல்லை. மாதேஸ்வரி நுழையவில்லை. ஜெயப்ரியாவைப் பார்த்துத் தலையசைத்தாள்.

ஜெயப்ரியா முதல் அலமாரியிலிருந்து ஒரு ஜாடியை எடுத்தாள். விதைக்கு மேலே ஒரு சின்ன வலைத்துணிப் பை, அதற்குள் மணிமணியாக ஏதோ. அதைப் பார்த்தாள். வைத்துவிட்டு அடுத்த ஜாடியை எடுத்தாள். அதற்கடுத்தது.

"மேடம், ஈரத்தை உறிஞ்சறதுக்காக ஒவ்வொரு ஜாடியிலயும் இந்த மணிகளைப் போடறோம். நான் போட்டப்ப எல்லாம் நீலம். ஈரம் பட்டா நிறம் மாறும்." அவள் ஒரு ஜாடியை வெளிச்சத்துக்குக் கொண்டுவந்தாள். மணிகள் வெளிறிய ரோஜா நிறத்தில் இருந்தன. "எல்லாமே இப்படித்தான் இருக்கு. உறைஞ்சே கிடந்தா இது மாற வாய்ப்பே இல்ல. இந்த அறை நாள்கணக்கா நின்னு போயிருக்கு. எல்லாம் இளகி, வேர்த்து, நனைஞ்சு, அப்புறம் மறுபடி உறைஞ்சிருக்கு. இதுல எவ்வளவு உயிரோட இருக்கும்னே தெரியல."

ருக்மணி பெருமாளைப் பார்த்தாள். பெருமாள் மீட்டரைப் பார்த்தார். அது சிரத்தையாக மைனஸ் பதினெட்டைக் காட்டிக்கொண்டிருந்தது.

"மாசி மாசம் டிரான்ஸ்பார்மர் வெடிச்சுதுங்கம்மா," என்றான் ஆஞ்சப்பன். தரையைப் பார்த்துக்கொண்டே பேசினான். "லீவு நாளுங்க. ஜெனரேட்டரும் ஓடல. சாருக்கு போன் பண்ணேன், பெங்களூர்ல ஃபங்ஷன்ல இருக்கேன்னாரு. வந்தப்புறம் யார்கிட்டயும் சொல்லாத, வேலை போயிடும்னாரு. ஸ்கூட்டர்ல பாருன்னு சொன்னதும் அவருதானுங்க."

எந்தப் பக்கம் என்று டாக்டரைக் கேட்டார்களே, இரண்டுமே உண்மையாக இருக்கிறதே என்று சந்தோஷ் நினைத்தான். குளிரறையும் கெட்டுப்போயிருந்தது. பொட்டலமும் அங்கிருந்து வரவில்லை.

"சரி, கரண்ட் போச்சு," என்றார் பெருமாள். நெற்றியில் வியர்வை, குளிரறை வாசலிலேயே. "மறைச்சது தப்பு, ஒத்துக்கறேன். அதுக்காக நான் விதையை வெச்சு மாட்டிவிட்டேன்னு ஆயிடுமா? வாட்ச்மேன் பேச்சு ஒரு சாட்சியா? நான் எங்க போயி வாங்கினேன்? யார்கிட்ட?"

"என்கிட்டதான்," என்றாள் நஞ்சம்மா.

எல்லோரும் திரும்பினார்கள். அவள் ஆஞ்சப்பனை விட்டு நகர்ந்து நேராகப் பெருமாளின் முன்னால் வந்து நின்றாள்.

"இந்தம்மா யாரு? நாட்றாம்பாளையம் எந்தப் பக்கம்னே எனக்குத் தெரியாது. காசு குடுத்துக் கூட்டிட்டு வந்திருக்கீங்க."

ஊர்ப்பெயரை யாரும் இன்னும் சொல்லவில்லை என்பதை சந்தோஷ் கவனித்தான். வாயைத் திறக்கப் போனவனின் காலை மாதேஸ்வரி மிதித்தாள்.

"தெரியாதா?" நஞ்சம்மா சிரித்தாள். "பரவாயில்ல. ஒண்ணு மட்டும் கேட்டுக்க. நீ வந்து வெதை குடு, வெதை குடுன்னு உசுர வாங்கின. என் வெதைக்குச் செம்மண்ணு பூசி, காயவெச்சு, பானைல போட்டு அட்டாரிப் பரண்ல ஏத்தி வெச்சிருக்கறேன். அத நான் எவனுக்கும் தர மாட்டேன். உனக்குக் குடுத்தது கொழம்புக்கு வெச்சிருந்த அவரை. அடுப்படி டப்பாலேந்து மொளகாயத் தள்ளிட்டு அள்ளிக் குடுத்தேன். வண்டு முட்ட வெச்சு, கொட்டலாம்னு இருந்ததப்பா அது."

"விதைன்னு சொல்லித்தானே கொடுத்த?" என்று கத்தினார் பெருமாள்.

கத்திய வாய் அப்படியே திறந்து நின்றது.

"சொன்னேன்," என்றாள் நஞ்சம்மா அமைதியாக. "நீயும்தான் மேடம் அனுப்பினாங்கோன்னு சொன்ன."

சந்தோஷ் மெதுவாகக் கைதட்டப் போய், இடம் பார்த்து நிறுத்திக்கொண்டான்.

பெருமாள் ஒரு நாற்காலியைத் தேடி உட்கார்ந்தார். மாதேஸ்வரி தூக்கம் கலைந்தவள் போல ருக்மணியிடம் விளக்கினாள். "பொட்டலம் திரும்பக் கிடைச்சதும் அதைத்தானே முளைக்கப் போட்டுப் பார்ப்பீங்க? செத்த விதையை வெச்சா அப்பவே குட்டு வெளிப்பட்டுடும். அதனால அதை ஒழிச்சுட்டு, அந்த எடத்துக்கு உயிருள்ள விதை வேணும். ஊர்ல வேற யார்கிட்டயும் இருக்கக் கூடாது. சோதனை கேட்ட பொண்ணு திருடியா வெளிய போகணும். மிச்ச ஜாடிகளைப் பத்திக் கேக்க அப்புறம் ஆளே இருக்காது."

ருக்மணி ஒரு ஜாடியை எடுத்து அதன் மணிகளைப் பார்த்துவிட்டுத் திரும்ப வைத்தாள். பிறகு ஜெயப்ரியாவைக் கொஞ்சம் தள்ளி அழைத்துப் போனாள். ஆனால் அறை சின்னது, குரல் எல்லோருக்கும் கேட்டது.

"உன்கிட்ட நான் மன்னிப்புக் கேக்கணும் ஜெயப்ரியா. கேக்கறேன். பெருமாள் உக்காந்த சீட் இனிமே உனக்கு. போலீஸ்ல என்ன புகார் குடுக்கணுமோ குடு. ஆனா இந்தக் குளிரறை விஷயம் மட்டும் நம்ம கேட்டைத் தாண்ட வேண்டாம். தாண்டிச்சுன்னா இந்தக் கம்பெனி நிக்காது. கொஞ்சம் கொஞ்சமா வேற விதை சேர்த்து நிரப்பிக்கலாம். இந்தம்மாகிட்ட அவரை இருக்கு, கேட்டா குடுப்பாங்க."

"குடுப்பேன்," என்றாள் நஞ்சம்மா. "இந்தப் பொண்ணு கையில குடுப்பேன். டப்பா மேல நம்பர் போடாத, எங்க ஊர் பேரு எழுதணும். எங்க காட்ல போடாதன்னு இன்னொரு தபா எவனாச்சும் வந்தான்னா சாறு ஊத்த மாட்டேன், நாய அவுத்து வுடுவேன்."

சந்தோஷ் ஜெயப்ரியாவைப் பார்த்தான். நாற்காலி, பெயர், சம்பளம் எல்லாம் கைக்கு எட்டுகிற தூரத்தில் இருந்தது. தலையாட்டினால் போதும். அவனாக இருந்தால் ஆட்டியிருப்பான், தயங்காமல். ஆட்குறைப்புக் கடிதம் வாங்கின அன்று அவன் ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை.

ஜெயப்ரியா தலையாட்டவில்லை.

"இதுல முக்கால்வாசி நான் கேட்டு வாங்கினது மேடம். பத்திரமா இருக்கும்னு ஒவ்வொரு வீட்லயும் சொல்லி வாங்கினேன். எத்தனையோ பேர் அதுக்கப்புறம் புது ரகம் போட்டிருப்பாங்க, நம்மகிட்ட இருக்கற தைரியத்துல. சிலது இன்னும் ஒரு வீட்லயோ ரெண்டு வீட்லயோ மிச்சம் இருக்கலாம். அதையும் அவங்க இந்தப் பருவத்துல விதைக்காம விட்டுட்டாங்கன்னா அப்புறம் உலகத்துல எங்கயுமே கிடையாது. மறைச்சா அதுதான் நடக்கும். கேட்டைத் தாண்டணும். இப்பவே தாண்டணும்."

"என் கம்பெனி ஜெயப்ரியா."

"அவங்க விதை மேடம்."

அவள் போனை எடுத்தாள். ருக்மணி தடுப்பதற்காகக் கையைத் தூக்கினாள். எதனாலோ, அந்தக் கை பாதியில் நின்று கீழே இறங்கியது.

ஜெயப்ரியா ஸ்பீக்கரில் போட்டாள். மறுமுனையில் ரயில் போகிற சத்தம், அதற்கு மேலே ஒரு முரட்டுக் குரல். "யாரு?"

"சாமல்பட்டி சென்னப்பண்ணனா? நான் ஜெயப்ரியா பேசறேன். உங்ககிட்ட கருங்கொள்ளு விதை வாங்கிட்டு வந்தேனே, ஞாபகம் இருக்கா?"

"இருக்குது. சொல்லு பாப்பா."

"அது எங்ககிட்ட கெட்டுப்போச்சுண்ணா. எங்க தப்புதான். முளைக்குமான்னு தெரியாது. மிச்சம் உங்க வீட்ல இருக்கா?"

ரயில் போய் முடிந்தது. பெருமாள் தலையைக் குனிந்துகொண்டார். மாதேஸ்வரி முழுசாக விழித்திருந்தாள்.

"இருக்குது," என்றது குரல். "ஆனா மொதல்ல குடுத்தத எப்புடிக் கெடுத்தீங்கன்னு எனக்கு நேர்ல வந்து சொல்லணும். சொன்னப்புறம் குடுக்கறதா வேணாமான்னு நான் யோசிப்பேன்."

"நாளைக்கே வர்றேண்ணா," என்றாள் ஜெயப்ரியா. போனை வைத்துவிட்டு அடுத்த ஜாடியை அலமாரியிலிருந்து எடுத்தாள். எண்ணைப் பார்த்தாள், யாருடையது என்று ஞாபகப்படுத்திக்கொண்டாள், மறுபடி டயல் செய்தாள்.